கண்ணு தெரியாம பைத்தான் கத்துக்கலாம் வாங்க, முதல்ல காதை செட் பண்ணணும்

பைத்தான்னா கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுற ஒரு மொழி. யூடியூப்ல எந்த பைத்தான் கிளாஸைப் போட்டாலும் "இதோ இங்க பாருங்க, இதை கிளிக் பண்ணுங்க, வந்துருச்சா"ன்னே போகும். எதை, எங்க, என்ன வந்துச்சுன்னு நமக்கு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. நானும் அப்படியே ரெண்டு மாசம் ஓட்டினேன், ஒரு வரி எழுதல. அதனால மவுஸ் பேச்சே எடுக்காம முதல் புரோகிராம் ஓட வைக்கிற வரைக்கும் இங்க சொல்றேன். விண்டோஸ் கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன், அவ்ளோதான் தேவை.

ஸ்டெப் 1: என்விடிஏ

இலவச ஸ்க்ரீன் ரீடர், அதாவது ஸ்க்ரீன்ல இருக்கறதை வாய்விட்டுப் படிக்கிற சாஃப்ட்வேர், டவுன்லோட் பண்ணி போட்டுக்கோங்க. 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன் ஆரம்பிச்சது, அவருக்கும் பார்வை கிடையாது, அதுல பெரும்பகுதி எழுதியிருக்கிறதே பைத்தான்லதான். "உனக்கு எதுக்குடா கோடிங்"னு வீட்டுல யாராச்சும் கேட்டா இதைச் சொல்லுங்க. இன்சர்ட் கீதான் என்விடிஏ கீ, லேப்டாப்னா கேப்ஸ் லாக்கை வெச்சுக்கலாம். பேச்சை நிறுத்த கன்ட்ரோல். தமிழ் வாய்ஸும் அதுலயே இருக்கு, ஆனா கோடுக்கு, அதாவது நாம எழுதுற புரோகிராம் வரிகளுக்கு, இங்கிலீஷ் வாய்ஸே நல்லது.

ஸ்டெப் 2: காது செட்டிங், இதைத் தாண்டிப் போயிடாதீங்க

பைத்தான்ல வரி எவ்ளோ உள்ள தள்ளி ஆரம்பிக்குதுங்கிறதுலதான் அர்த்தமே இருக்கு, பார்வை இருக்கறவங்க அதை ஒரு பார்வையில பிடிச்சுருவாங்க. என்விடிஏ சும்மா விட்டா அந்த இடைவெளியைச் சொல்லாது, பிராக்கெட், கோலன், கமா இதையெல்லாமும் முழுங்கிரும். கதை படிக்க அது சுகம், கோடு படிக்க வேலைக்கே ஆகாது.

நோட்பேடைத் திறங்க. இன்சர்ட், கன்ட்ரோல், பி (P) மூணையும் சேர்த்து அமுக்கினா புரொஃபைல் லிஸ்ட் வரும், அதுல நியூ குடுத்து "கரன்ட் அப்ளிகேஷன்"னு இருக்கறதைத் தேர்ந்தெடுங்க. இனி நாம மாத்துறது நோட்பேடுக்கு மட்டும்தான், வாட்ஸ்அப் மெசேஜ் படிக்கும்போது கமா கமான்னு உயிரை எடுக்காது. அடுத்து இன்சர்ட் பி (P), "ஆல்"னு கேக்குற வரைக்கும் திரும்பத் திரும்ப அமுக்குங்க. கடைசியா இன்சர்ட் கன்ட்ரோல் டி, உள்ள லைன் இன்டென்டேஷன்னு ஒண்ணு இருக்கும், அதை ஸ்பீச், டோன்ஸ் ரெண்டும் சேர்ந்ததுக்கு மாத்துங்க. இப்ப வரி உள்ள தள்ளிப் போனா "4 ஸ்பேஸ்"னு சொல்லும், கூடவே ஒரு பீப், இன்னும் உள்ள போகப் போக பீப்போட சுருதி ஏறும். ஒரு வாரத்துல நம்பர் கேக்கறதை விட்டுட்டு சுருதியை வெச்சே எந்தப் படியில நிக்கறோம்னு தெரிஞ்சுரும், எனக்கு அப்படித்தான் ஆச்சு.

ஸ்டெப் 3: பைத்தான் போடுறது

பைத்தான் சைட்லேர்ந்து இறக்குங்க, இன்ஸ்டாலர்ல பாத்னு செக் பாக்ஸ் வந்தா ஸ்பேஸ் தட்டி டிக் பண்ணிட்டு மேல போங்க. கூடவே ஐடில்னு ஒரு எடிட்டர் வரும், ஸ்க்ரீன் ரீடர்ல அது சரியா பேசாது, விட்ருங்க.

ஸ்டெப் 4: ஏழாம் வாய்ப்பாடு

நோட்பேட்ல ரெண்டே வரி. காதுல எப்படிக் கேக்கணுமோ அப்படியே எழுதுறேன் (லெஃப்ட் பேரன்னா திறக்கிற பிராக்கெட், ரைட் பேரன்னா மூடுற பிராக்கெட், ஸ்டார்னா பெருக்கல் குறி):

ஃபார் ஐ இன் ரேஞ்ச் லெஃப்ட் பேரன் 1 கமா 11 ரைட் பேரன் கோலன்
4 ஸ்பேஸ் பிரிண்ட் லெஃப்ட் பேரன் 7 ஸ்டார் ஐ ரைட் பேரன்

11ங்கிறது வேலி மாதிரி, அதுக்கு முன்னாடி 10லயே நின்னுரும். ரெண்டாவது வரிக்கு ஸ்பேஸ் பாரை நாலு தடவ தட்டுங்க, டேப் வேண்டாம், ஒரு இடத்துல டேப் ஒரு இடத்துல ஸ்பேஸ்னு கலந்தா பைத்தான் கோவிச்சுக்கும். சேவ் பண்ணும்போது பேரு டேபிள் டாட் பை (table.py), கீழ ஃபைல் டைப்பை ஆல் ஃபைல்ஸ்னு மாத்தணும். நான் மாத்தல, அது டேபிள் டாட் பை டாட் டிஎக்ஸ்டின்னு போய் உக்காந்துகிச்சு, அரை நாள் போச்சு.

ஸ்டெப் 5: ஓட்டுறது

விண்டோஸ் ஆர், சிஎம்டி, என்டர், கட்டளை அடிக்கிற கறுப்பு விண்டோ திறக்கும். ஃபோல்டருக்குப் போயி பை (py), ஒரு ஸ்பேஸ், ஃபைல் பேரு. 7, 14, 21னு 70 வரைக்கும் அதுவே படிச்சுக் காட்டும்.

இப்ப வேணும்னே முதல் வரியில கோலனை எடுத்துட்டு ஓட்டுங்க. எரர் வரும், அதோட கடைசி வரியைத்தான் முதல்ல கேக்கணும், என்ன தப்புங்கிறது அங்கதான் இருக்கும். ஆனா இந்தக் கறுப்பு விண்டோவுல "சின்டாக்ஸ் எரர் எக்ஸ்பெக்டட்"னு சொல்லிட்டு கப்சிப்னு நின்னுரும். என்ன எக்ஸ்பெக்டட்? கோலன்தான், ஆனா நம்ம புரொஃபைல் நோட்பேடுக்கு மட்டும்தானே, இங்க கோலனை முழுங்கிருச்சு! அதனால அதே கட்டளைக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு 2, ஒட்டி கிரேட்டர் குறி, அப்புறம் எரர் டாட் டிஎக்ஸ்டின்னு சேர்த்து ஓட்டுங்க. எரர் முழுசும் ஒரு ஃபைலுக்குள்ள போயிரும், நோட்பேட்ல திறந்து அம்புக்குறி வெச்சு நிதானமா கேளுங்க, எந்த வரி நம்பர்னும் அதுலயே இருக்கும். யார்கிட்டயாவது உதவி கேட்டாலும் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பாதீங்க, இந்த ஃபைலை அனுப்புங்க, அவங்களையும் பதிலை டெக்ஸ்டாவே அனுப்பச் சொல்லுங்க.

விஎஸ் கோடுன்னு கோடு எழுதுற பெரிய எடிட்டர் ஒண்ணு இருக்கு, அதை அப்புறம் பாத்துக்கலாம். அதுல எஃப்8 தட்டினா அடுத்த எரருக்கே கூட்டிட்டுப் போகும், தப்பு இருக்கற வரிக்கு வந்தா தனியா ஒரு சத்தம் குடுக்கும், அருமையா இருக்கும், ஆனா முதல் நாளே அதுக்குள்ள போனா பைத்தானை விட்டுட்டு மெனுவைத்தான் கத்துக்கிட்டு இருப்பீங்க.

இன்னைக்கு வீட்டுப்பாடம்: கோலனைத் திரும்பப் போட்டுட்டு, ரெண்டு வரிக்கும் நடுவுல 4 ஸ்பேஸ் விட்டு, ஜேன்னு இன்னொரு ஃபார் வரி எழுதுங்க, பிரிண்ட்ல 7ஐ எடுத்துட்டு ஜே போடுங்க. பிரிண்ட் வரியில இப்ப "8 ஸ்பேஸ்"னு கேக்கணும், பீப்பும் ஒரு படி ஏறியிருக்கணும். ஏறலைன்னா நாலு ஸ்பேஸ் பாக்கி வெச்சிருக்கீங்க.