ஸ்வீடன் வீட்டுப் பட்டை பன்: கையில் ஒட்டுகிற மாவுக்குப் பயப்படாதீர்கள்

'காஃபி' என்று எழுதி, எழுத்துகளை இடம் மாற்றிப் படியுங்கள். ஃபிகா. ஸ்வீடன்காரர்களும் இதையேதான் செய்தார்கள். காபிக்கு அங்கே வழங்கிய பழைய பேச்சுச்சொல் 'கஃபி'. அதைத் திருப்பிப் போட்டதில் பிறந்தது 'ஃபீகா': கைவேலையை நிறுத்திவிட்டு, காபியோடு கொறிக்க எதையாவது வைத்துக்கொண்டு உட்காருவது. அந்த 'எதையாவது' பல நாள் கனேல்புல்லேதான். கனேல் என்றால் பட்டை, புல்லே என்றால் பன். 1999 முதல் அக்டோபர் 4 இந்தப் பன்னுக்கென்றே ஒரு நாள்.

பெயரில் பட்டை இருந்தாலும், மணத்தில் பாதி ஏலக்காயுடையது. அது பூரணத்தில் இல்லை, மாவிலேயே இருக்கிறது.

தேவையானவை (16 பன்)

மாவுக்கு: பால் 250 மி.லி., வெண்ணெய் 75 கிராம், சீனி 75 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு கால் டீஸ்பூன், ஏலக்காய் 12, மைதா 420 கிராம்.

பூரணத்துக்கு: மெத்தென்ற வெண்ணெய் 75 கிராம், சீனி 50 கிராம், பட்டைத்தூள் ஒரு டேபிள்ஸ்பூன்.

மேலே பூச ஒரு முட்டை. தூவ, அங்கே 'முத்துச் சீனி' என்று அடுப்பில் உருகாத வெள்ளைக் கட்டிகள் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் சீனிக் கட்டிகளை நாலைந்தாக உடைத்துத் தூவலாம். கற்கண்டு வேண்டாம், பல் போய்விடும்.

1. ஏலக்காய். தோலை நீக்கி, விதையை மட்டும் உரலில் இடியுங்கள். நைசாக வேண்டாம், ரவை போல இருந்தால் போதும். கடிக்கும்போது அங்கங்கே ஒரு துணுக்கு பல்லில் படவேண்டும். பாயசத்துக்குப் போடுகிற அளவை மறந்துவிடுங்கள், இங்கே தாராளம்தான் அழகு.

2. பால். வெண்ணெயை உருக்கி, பாலை ஊற்றி, 37 டிகிரிக்குச் சூடாக்குங்கள். தெர்மாமீட்டர் இல்லையா? விரலை விட்டால் சூடாகவும் இல்லாமல் ஜில்லென்றும் இல்லாமல் இருக்கவேண்டும். ஸ்வீடிஷ் சமையல் குறிப்புகளிலேயே 'விரல் சூடு' என்றுதான் இருக்கும். கொதிக்கிற பாலில் ஈஸ்ட் செத்துவிடும்.

3. பிசைதல். இங்கேதான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். ஈஸ்ட், சீனி, உப்பு, ஏலக்காயை மைதாவில் கலந்து பாலை ஊற்றியதும் மாவு கையெல்லாம் ஒட்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை, உடனே இன்னொரு பிடி மைதாவைத் தேடும். முதல் தடவை அப்படி மூன்று பிடி போட்டேன். வந்தது பன் இல்லை, வறண்ட ரொட்டிக் கட்டி. மைதா கூடினால் ஈரம் குறையும், பன் கெட்டிப்படும். ஆகவே 420 கிராமில் இரண்டு பிடியை முதலிலேயே எடுத்து ஒதுக்கி வையுங்கள். கையால் பத்து நிமிடம் விடாமல் பிசையுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் மாவு தானாகவே இழுபட ஆரம்பித்து, பாத்திரத்தின் ஓரத்தை விட்டு வரும். அதற்குப் பிறகும் கூழாக இருந்தால் மட்டும் ஒதுக்கியதைச் சேருங்கள். கடைசியில் லேசாக ஒட்டத்தான் செய்யும். அதுதான் பதம்.

4. முதல் உப்பல். துணி போட்டு மூடி, இரண்டு மடங்காகும் வரை விடுங்கள். 45 நிமிடம் ஆகலாம். வெயில் காலத்தில் அரை மணியிலேயே பொங்கிவிடும், ஆகவே கடிகாரத்தைவிட மாவைப் பாருங்கள்.

5. சுருட்டுதல். மாவை 45-க்கு 30 செ.மீ. அளவில் தேய்த்து, பூரணத்தை ஓரம் வரை பூசுங்கள். வெண்ணெய் மெத்தென்று இருக்கட்டும், உருக்கிவிடாதீர்கள். உருகியது சுருட்டும்போதே வழிந்து ஓடும். நீளப் பக்கத்திலிருந்து பாய் போலச் சுருட்டி, 16 துண்டாக வெட்டுங்கள். கத்தி நசுக்கினால் தையல் நூலைச் சுற்றி இழுத்து அறுக்கலாம். முடிச்சுப் போட்ட வடிவங்களும் அங்கே உண்டு. அதெல்லாம் மூன்றாவது தடவைக்கு.

6. இரண்டாவது உப்பல். ஒவ்வொன்றையும் காகிதக் கிண்ணத்தில் வைத்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். அதற்குள் ஓவனை 225 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம்.

7. சுடுதல். அடித்த முட்டையைப் பூசி, சீனிக் கட்டி தூவி, நடுத்தட்டில் 8 முதல் 10 நிமிடம். கேக்குக்கு 180 வைத்துப் பழகியவர்களுக்கு இந்தச் சூடு அதிகமாகத் தெரியும். ஆனால் குறைந்த சூட்டில் நேரம் கூடும், அதற்குள் ஈரம் போய்விடும். ஏழாவது நிமிடத்திலிருந்து ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே ஒரு போன் கால் தூரம்தான்.

வெளியே எடுத்ததும் சுத்தமான பருத்தித் துணியால் மூடி ஆறவிடுங்கள். அந்த ஆவியிலேயே மேல்தோல் மிருதுவாகிவிடும். மறுநாளைக்கு மிச்சம் இருந்தால், ஆறியவுடனே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஸ்வீடன் வீடுகளிலும் அப்படித்தான். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், விறைத்துப்போகும்.