டாப்சிலிப்பில் ஹ்யூகோ வுட் கல்லறையைக் காணச் செல்வோருக்கு

பறம்பிக்குளம் கேரளத்தைச் சேர்ந்ததாயினும், அங்கே செல்லும் சாலை பொள்ளாச்சி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை எனத் தமிழ்நாட்டு ஊர்களின் வழியாகவே மலையேறுகிறது. அந்தச் சாலையில், எல்லைக்குச் சற்று முன்பாக, பொள்ளாச்சியிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் டாப்சிலிப் உள்ளது. வெட்டிய தேக்குத் தடிகளை மேலிருந்து சரிவில் சறுக்கிவிட்டதால் வந்த பெயர் அது. வன அதிகாரியாக இருந்த ஹ்யூகோ வுட் 1933இல் மறைந்தபின் இங்குள்ள மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

இது புலிகள் காப்பகம். ஆகவே வனத்துறை அலுவலகத்தில் கல்லறையைப் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லி, அன்று அனுமதி உண்டா, துணைக்கு ஆள் வருவாரா என்று கேட்டறிந்த பின்னரே நடக்கத் தொடங்க வேண்டும். யானையும் காட்டெருமையும் பகலிலும் குறுக்கிடும். மழைக்காலத்தில் அட்டைத் தொல்லை உண்டு. கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் சில நாட்கள் அனுமதி மறுக்கப்படலாம்.

எளிய கல்லறைதான். அதில் இலத்தீன் மொழியில் ஒரு வரி பொறிக்கப்பட்டுள்ளது: 'நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா? சுற்றிலும் பார்.' இலண்டன் புனித பால் பேராலயத்தில், அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையில் இருப்பதும் இதே வரிதான். இங்கே கட்டடத்தின் இடத்தில் காடு நிற்கிறது.

கப்பலுக்கும் ரயில் பாதைக் கட்டைகளுக்கும் வெட்டி வெட்டி இம்மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த நிலையில், மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை நிலத்தில் விட்டு வெட்டினால், கரும்பு மறுதாம்பு விடுவது போலத் தேக்கும் மீண்டும் துளிர்க்கும் என்ற முறையை வுட் வலியுறுத்தினார். கைத்தடியால் மண்ணில் குழியிட்டு, சட்டைப்பையிலிருந்து விதை போட்டபடியே நடப்பார் என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அழகான கதைதான், என்றாலும் மறுதாம்பு முறையே பெரிய செய்தி என்பது என் எண்ணம்.

எனவே கல்லறையைப் படம் பிடித்ததும் திரும்பிவிடாமல், மரங்களின் அடியைக் கவனியுங்கள். ஒரே பருமனில் வரிசை பிடித்து நிற்பவை நடப்பட்டவை. ஒரே அடியிலிருந்து இரண்டு மூன்றாகப் பிரிந்து எழுந்தவை மறுதாம்பாக இருக்கக்கூடும். தேக்கு இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அப்போது முறம் போல் அகன்று கிடக்கும் சருகுகள் காலடியில் அப்பளமாய் நொறுங்கும்.

நேரமிருந்தால் எல்லையைக் கடந்து, பறம்பிக்குளத்தில் கன்னிமாரா என்னும் பழம்பெரும் தேக்கு மரத்தையும் பார்த்து வரலாம். வெட்டப்படாமல் விட்ட தேக்கு எவ்வளவு பருக்கும் என்பதை அங்கே காணலாம். மாலையில் சோதனைச் சாவடியை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.