துலும் போகிறீர்களா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

மெக்சிகோவின் துலும் கடற்கரைக்குப் போவதானால், ஓட்டல் தேடும் முன் மாதத்தை முடிவு செய்யுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். கோடையில் சர்காஸம் என்ற பழுப்புக் கடற்பாசி கரையில் குவிந்து நாறும், தண்ணீரில் இறங்கவே மனம் வராது. டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. என்ன, அறை வாடகை எகிறும்.

கடலோரப் பாறைமேல் நிற்கும் பழங்கால மாயன் நாகரிக இடிபாடுகளுக்குக் காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். நிழல் குறைவு, கான்கூன் நகரிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வேறு வந்து இறங்கும். அப்புறம் துலுமுக்கு வடக்கே உள்ள அக்குமால் விரிகுடாவில் கடலாமைகளைப் பார்த்தபடி நீந்தலாம், தொடக்கூடாது. சன்ஸ்கிரீனை அப்பிக்கொள்வதைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். பவளப்பாறைக்கும் கெடுதல் இல்லை. சிலந்திக் குரங்கு பார்க்க ஆசையா? கோபா என்ற ஊர்ப் பக்கம் புன்டா லகூனா காட்டுக்குப் போங்கள்.