ஓ.டி.பி.யைக் கடைசியில் சொல்லுங்கள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின், வாங்கிய மூன்றாம் ஆண்டில், துணியும் தண்ணீருமாக ஒரு ஞாயிறு காலையில் நின்றுவிட்டது. மீண்டும் ஓட 23 நாள் ஆனது. அத்தனை நாள் அலைந்து கற்றதை எழுதுகிறேன். உங்களுக்கு மூன்று நாளில் முடியட்டும்.

போனைக் கையில் எடுக்கும் முன் பில்லைத் தேடுங்கள். கடைகளில் தரும் வழவழப்பான பில் காகிதத்தில் எழுத்து ஓராண்டிலேயே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வைப்பதுதான் வழி. முன்பக்கக் கதவுள்ள மெஷினில் கதவைத் திறந்தால் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள மாடல் எண், வரிசை எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சேவை மைய எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். போலி எண்களைப் போட்டுப் பணம் பறிப்பவர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். உத்தரவாத அட்டையில் அச்சிட்ட எண் போதும்.

அட்டையைக் கையில் எடுத்ததும் அதைப் படித்தும் விடுங்கள். "பத்து வருட கியாரண்டி" என்று கடையில் சொன்னார்கள். அது மோட்டாருக்கு மட்டும். மெஷினின் மூளையான சர்க்யூட் போர்டுக்கு இரண்டே ஆண்டு. வாங்குகிறவரிடம் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமே இல்லை.

மெக்கானிக் வந்தார். பத்து நிமிடம் பார்த்தார். "போர்டு போய்விட்டது மேடம், 7,400 ரூபாய். இப்போதைக்கு வந்துபோன கட்டணம் 450. ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அவர் படியிறங்குவதற்குள் "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. உள்ளே துணி இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அந்த எண்ணைச் சொன்ன நொடியில் நிறுவனத்தின் கணக்கில் நம் பிரச்சினை முடிந்துபோகிறது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை; ஒரு நாளில் இத்தனை புகாரை முடிக்க வேண்டும் என்று அவனை விரட்டுகிறவர்கள் மேல்தான் கோபம்.

ஆகவே, வேலை முடியும்வரை எண்ணைச் சொல்லாதீர்கள். என்ன பழுது, எந்தப் பாகம், என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

உத்தரவாதம் முடிந்த போர்டு என்றால் புதிது வாங்கும் முன் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். நான் சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். போர்டு முழுக்கக் கண்ணாடிபோல் இறுகிய பசை ஊற்றி மூடியிருந்தது. ஈரம் புகாமல் இருக்கத்தான் அது, ஆனால் பழுதுபார்க்கும் கையும் புக முடியவில்லை. கடைக்காரர் அதைச் சூடுகாட்டி, கூரான கத்தியால் நகக்கண் அளவு நகக்கண் அளவாகச் சுரண்டினார். கருகிய ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு சுவிட்ச், தெரிந்தது. கட்டைவிரல் நுனியளவுதான். மாற்றிக் கொடுத்து 1,200 ரூபாய் வாங்கினார். அந்தச் சிறு பாகத்தை நிறுவனமே தனியாக விற்றால் எத்தனை மெஷின்கள் பழைய இரும்புக்குப் போகாமல் பிழைக்கும்! 2022-இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த உரிமை சட்டமாக வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

450 ரூபாயையும் நான் விடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். அவர்களுக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். ஆனாலும் நான்காம் நாள் ஒரு மேலாளர் அழைத்தார். பணம் திரும்பி வந்தது. அப்படியும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

யார் சரிசெய்தாலும் முதல் முறை துணி போடாமல் முழுச் சுற்று ஓடவிடுங்கள். தண்ணீர் ஏறி, சுழன்று, வடிந்து, கதவுப் பூட்டு டக்கென்று விடுபடும் வரை மெக்கானிக்குக்கு ஒரு காபி கொடுத்து உட்கார வையுங்கள். அதன் பிறகு ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்.