ஊர்ச் செய்தித் தளத்தைச் சொந்தக் காலில் நடத்துவது எப்படி?

ஒரு தாலுகாவுக்கு மட்டும் செய்தி தரும் மூன்று பேர் குழுவை எடுத்துக்கொள்வோம். சம்பளம், பெட்ரோல், இணையம், கேமரா பழுது எல்லாம் சேர்த்து மாதம் 75,000 ரூபாய் செலவு என்றால், அதில் 40,000 ரூபாய் வாசகர்களிடமிருந்து வர வேண்டும்: ஆளுக்கு 100 ரூபாய், 400 பேர். மீதிக்கு உள்ளூர்க் கடை, பள்ளி விளம்பரங்கள். எந்த விளம்பரதாரரும் மொத்த வரவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால், அவருடைய பள்ளியைப் பற்றி வரும் புகாரைத் தொடவே கை கூசும்.

சந்தாவுக்கு யுபிஐ ஆட்டோபே (கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் தானே பிடித்தமாகும் ஏற்பாடு) வையுங்கள். மாதாமாதம் நினைவாக அனுப்புவோர் குறைவு. பிடித்தம் முதல் வாரத்தில் இருக்கட்டும். மாதக் கடைசியில் வைத்தால் கணக்கில் பணமின்றித் திரும்பிவிடும். விவசாயக் குடும்பங்களிடம் அறுவடைக்குப் பின் ஆண்டுச் சந்தாவாக வாங்குவதே நல்லது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற ஊர்க்காரர் ஆசையாக நன்கொடை அனுப்பினாலும் வாங்காதீர்கள். பதிவுபெற்ற செய்தித்தாள்களும் காணொளிச் செய்தி நிறுவனங்களும் வெளிநாட்டு நன்கொடை பெற வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 3ஆம் பிரிவு தடை விதிக்கிறது.

செய்தியாளரே விளம்பரமும் பிடித்து, கமிஷனில் பிழைக்கும் முறையை அடியோடு விடுங்கள். சிற்றூர்ப் பத்திரிகைகளைக் கெடுத்ததில் இதற்குத்தான் முதல் இடம். பிரஸ்மீட்டில் 'கவர்' (பணம் வைத்த உறை) வாங்குவதும் இங்கிருந்தே தொடங்குகிறது. சம்பளம் சிறிதானாலும் தேதி தவறாமல் கொடுங்கள்.

மக்கள் காசு கொடுப்பது வேறெங்கும் கிடைக்காத செய்திக்கு. அதற்குத் தகவல் உரிமைச் சட்டம்தான் பெரிய துணை. மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், "குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்த பதிவேட்டின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கிடைத்த நகலைக் கிராம சபைக்கு முன்பே வெளியிட்டால், கூட்டத்தில் ஊரே அதை வைத்துக் கேள்வி கேட்கும்.

யூடியூபை மட்டும் நம்ப வேண்டாம். சேனல் முடங்கினால் வாசகரும் போய்விடுவார்கள். அவர்கள் ஒப்புதலோடு தொலைபேசி எண்களைத் தனியே பதிந்து வையுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கே போகும். ஆகவே சந்தா சேரும்போதே சேமிக்கச் சொல்லுங்கள்.

குற்றச்சாட்டுச் செய்தி என்றால் சம்பந்தப்பட்டவருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, இரண்டு நாள் அவகாசம் கொடுத்து, அனுப்பிய சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அவதூறு வழக்கு வந்தால் கைகொடுப்பது அதுவும் மூல ஆவணங்களும்தான். தவறு நேர்ந்தால் திருத்தமும் அதே வழியில் போகட்டும்: போட்டோகார்டாக (படமும் செய்தியும் சேர்ந்த அட்டையாக) பரவியதற்குப் போட்டோகார்டிலேயே.