முதல் லெவலில் மிச்சம் பிடித்த நேரம் எங்கே போனது?

1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை 5 நிமிடத்துக்குள் முடிக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் லெவலான 1-1-இல் ஓட்டம் கண்கூடாக வேகமானது; ஆனால் 1-2 தொடங்கும் நேரம் மட்டும் அப்படியே நின்றது. எரிச்சல்தான்.

டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போட்டேன். பட்டன் சட்டென்று கேட்டது, நேரம் மாறவில்லை. கன்ட்ரோலரை மாற்றினேன், அதுவும் வீண்.

கடைசியில் ஓட்டங்களைப் பதிவுசெய்து ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படமாக, ஓட்டிப் பார்த்தேன். திரை கறுக்கும் நேரம் ஒன்று அதேதான், இல்லையென்றால் சரியாக 21 ஃபிரேம் தள்ளி. நடுவில் எதுவுமே இல்லை! லெவலை முடித்தாலும் 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான், அதாவது சுமார் 0.35 நொடிக்கு ஒருமுறைதான், கேம் அடுத்த லெவலுக்கு விடும். அதற்குள் மிச்சம் பிடிக்கும் ஐந்தாறு ஃபிரேம் காத்திருப்பிலேயே கரைந்துவிடும்.

அதன்பின் சின்னத் தடுமாற்றத்துக்கெல்லாம் ரீசெட் செய்வதை விட்டேன். எந்த லெவலில் ஒரு முழு 21 தவறுகிறது என்று பார்த்தால், 4-2. அதை மட்டும் தனியாகப் பழகினேன். இன்னொன்று, கொடிக்கம்பத்தைத் தொடும்போது கடிகாரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 என்றிருந்தால் வாணவேடிக்கை வந்து நேரத்தைத் தின்னும்.

கடைசி லெவலான 8-4-க்கு இந்த 21 ஃபிரேம் கணக்கே கிடையாது. அதன் முடிவில் இருக்கும் கோடரியைத் தொட்டதும் ஓட்டம் முடிவதால் அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் அப்படியே கையில் நிற்கும். மீதிப் பயிற்சியை அங்கே கொட்டினேன். 5 நிமிடக் கோடு உடைந்தது.