பிஆர்ஐ லைனில் எந்தச் சேனல் முதலில்? ஆஸ்டரிஸ்க்கில் வரிசை அமைப்பது

பிஆர்ஐ என்பது ஒரே லைனில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு. ஆஸ்டரிஸ்க் என்பது அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்சாக (பிபிஎக்ஸ்) வேலை செய்யும் மென்பொருள். இ1 வகை பிஆர்ஐ லைனில் 32 டைம்ஸ்லாட் (நேரப் பங்கு). 0 ஒத்திசைவுக்கும் 16 சிக்னலிங்குக்கும் (அழைப்பைக் கட்டுப்படுத்தும் தகவல்) போக, 1-15, 17-31 என 30 குரல் சேனல்கள். தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் உள்வரும் அழைப்புகளை 1-லிருந்து நிரப்ப, உங்கள் பிபிஎக்ஸும் 1-லிருந்தே வெளியழைப்பு எடுத்தால், இரு பக்கமும் ஒரே சமயத்தில் ஒரே சேனலைப் பிடிக்கக்கூடும். இதுதான் கிளேர். பிஆர்ஐ சிக்னலிங் தரநிலையான க்யூ.931 விதிப்படி நெட்வொர்க் (எக்ஸ்சேஞ்ச் பக்கம்) உள்வரும் அழைப்புக்கே முன்னுரிமை தரும். மாற்றுச் சேனல் அமையாவிட்டால் விழுவது உங்கள் வெளியழைப்பு. அழைப்புகள் மிகும் நேரத்தில்தான் பெரும்பாலும் வருவதால் பலர் இதைக் கேபிள் கோளாறு என்று நினைத்து அலைவார்கள்.

எக்ஸ்சேஞ்ச் எந்தத் திசையில் நிரப்புகிறது என்று முதலில் பாருங்கள். லைன் காலியாக இருக்கும்போது மூன்று, நான்கு செல்போன்களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அழைத்து, எதையும் துண்டிக்காமல், ஆஸ்டரிஸ்க் கன்சோலில் ‘பிஆர்ஐ ஷோ சேனல்ஸ்’ கொடுங்கள். ‘கோர் ஷோ சேனல்ஸ்’ இதற்கு உதவாது: 1.8 பதிப்பு முதல் அதில் வரும் பெயரில் ஸ்பான் எண்தான் (எந்த லைன் என்பது) இருக்கும், சேனல் எண் இருக்காது.

எக்ஸ்சேஞ்ச் 1-லிருந்து ஏறினால் நீங்கள் 31-லிருந்து இறங்க வேண்டும். டயல்பிளானில் (அழைப்பு எப்படிப் போக வேண்டும் என்ற விதிகள்), டாடி (பிஆர்ஐ கார்டுக்கான டிரைவர்) என்ற பெயருக்குப் பின் வரும் குரூப் எழுத்தில்தான் எல்லாம். குரூப் என்பது சேனல்களின் தொகுப்பு. சிறிய ஜி கீழிருந்து மேலே, பெரிய ஜி மேலிருந்து கீழே. சிறிய ஆர், பெரிய ஆர் அதே திசைகளில் சுழற்சி முறை (ஒவ்வொரு அழைப்பும் அடுத்த சேனலுக்கு). ஆக, சிறிய ஜி1 இருக்கும் இடத்தில் பெரிய ஜி1 போட்டு ‘டயல்பிளான் ரீலோட்’ கொடுத்தால் போதும். நடக்கும் அழைப்பு எதுவும் அறுபடாது. ஆஸ்டரிஸ்க்கை வலைப்பக்கம் வழியாக அமைக்கும் ஃப்ரீபிபிஎக்ஸில், டிரங்க் (வெளி லைன்) பக்கத்தில் உங்கள் குரூப் எண்ணுக்குரிய ‘டிசெண்டிங்’ (‘குரூப் 0 டிசெண்டிங்’ போல) தேர்ந்தெடுங்கள்.

சுழற்சி முறை கிளேருக்கு மருந்தல்ல. உங்கள் அழைப்புகள் எல்லாச் சேனல்களிலும் சிதறி, எக்ஸ்சேஞ்ச் நிரப்பும் பக்கத்துக்கும் போகும். ஒரு சேனல் கெட்டிருந்தால் எப்போதாவது ஒரு அழைப்பு மட்டும் ஊமையாகும், கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அடிக்கடி நடக்கும் தவறு வேறொன்று. 10 சேனல் மட்டும் வாங்கிவிட்டு, சேனல்களை வரையறுக்கும் சான்_டாடி கோப்பில் 1-15,17-31 என்று முழுதாக எழுதி வைப்பது. சிறிய ஜி இருந்தவரை பிரச்சினை தெரியாது. பெரிய ஜிக்கு மாற்றியதும் முதல் அழைப்பே 31-க்குப் போகும். அந்தச் சேனலைத் திறக்காத எக்ஸ்சேஞ்ச் காஸ் கோட் 44 (கேட்ட சேனல் கிடைக்கவில்லை) சொல்லித் திருப்பிவிடலாம். திறந்துள்ள சேனல்கள் எவை என்று கேட்டு, 1-10 என்றால் அதையே எழுதுங்கள். இந்தக் கோப்பை மாற்றியபின் கொடுக்கும் ‘டாடி ரீஸ்டார்ட்’ எல்லா அழைப்பையும் துண்டிக்கும். அலுவலக நேரத்தில் வேண்டாம்.

சிஸ்கோ ரவுட்டர் என்றால் இயல்பே இறங்குவரிசை. எக்ஸ்சேஞ்சும் மேலிருந்து இறங்கினால் மட்டும், சீரியல் இன்டர்ஃபேஸில் ‘ஐஎஸ்டிஎன் பிசான்-நம்பர்-ஆர்டர் அசெண்டிங்’ கொடுங்கள்.